துறுதுறுப்பை அளக்கும் கருவி தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன செய்யும்?

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி தன் எட்டு வயது மகனை நிபுணரிடம் காட்ட நினைத்தால் என்னென்ன நடக்கும்? முதலில் பாடசாலையிலிருந்து முறைப்பாடு வரும். “இவன் ஒரு நிமிஷம் இருந்த இடத்தில இருக்கிறதில்ல, பக்கத்துப் பிள்ளையையும் எழுத விடுறதில்ல.” அடுத்து லயத்து வாசலில் ஆளுக்கொரு யோசனை. கோயிலில் மந்திரித்து நூல் கட்டச் சொல்வார் ஒருவர். ரெண்டு அடி போட்டால் எல்லாம் சரியாகும் என்பார் இன்னொருவர். இதையெல்லாம் தாண்டித் தோட்ட மருந்தகத்துக்குப் போனால், அங்கிருந்து பலாங்கொடை வைத்தியசாலை, அங்கிருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலை, இன்னும் தேவைப்பட்டால் கொழும்பு பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. பலாங்கொடையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். விடிவதற்கு முன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு.

போகிற நாளெல்லாம் பேர் விழாது, அன்றைய சம்பளம் கிடையாது. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் பஸ் காசும் போன சம்பளமும் தாயின் கையிலிருந்துதான் போகின்றன.

இத்தனை பாடுபட்டு டொக்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தால், பையன் சாதுவாக இருப்பான். புது இடம், புது ஆள், மேசையில் ஏதோ மின்னும் கருவிகள். இப்படிப்பட்ட சூழலில், கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டி என்ற குறைபாடு உள்ள பிள்ளைகள் கொஞ்ச நேரம் அடங்கி இருப்பது வைத்தியர்கள் நன்றாக அறிந்த விஷயம். “வீட்டுல இப்படி இல்லீங்க ஐயா” என்று தாய் தமிழில் சொல்வாள். டொக்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும். நடுவில் நின்று யாராவது மொழிபெயர்க்க வேண்டும். நுவரெலியாவில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் எப்படியும் அகப்படுவார். பலாங்கொடை இருக்கும் சப்ரகமுவ மாகாணத்தில் அந்த வசதி குறைவு. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை என்று கேகாலை, இரத்தினபுரி ஆகிய அதன் இரண்டு மாவட்டங்களிலும் மலையகத் தமிழர்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் சிறு சிறு திட்டுகளாகச் சிதறி வாழ்கிறார்கள். தமிழ் மொழிப் பாடசாலையும் தூரம், தமிழ் பேசும் டொக்டரும் தூரம்.

வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்பதைத் தாயின் மொழியை நம்பியிராமல் ஒரு கருவி பதிவுசெய்து வைத்திருந்தால்? உலகின் பல ஆய்வுகூடங்களில் நாற்பது வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்திருக்கும் பதில்கள் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நோயை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏடிஎச்டியைக் காட்ட இரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளும், மிகைத் துடிப்புக்கும் அவசரப்படுவதற்கும் சேர்த்து ஒன்பது அறிகுறிகளும் இருக்கின்றன. பிள்ளைகளைப் பொறுத்தவரை ஏதாவதொரு பிரிவில் ஆறு அறிகுறிகளாவது ஆறு மாதமாகத் தொடர வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பாடசாலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் அவை தெரிய வேண்டும், பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்கவும் வேண்டும். இதெல்லாம் தெரியவருவது பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதை வைத்தும், அவர்கள் நிரப்பித் தரும் கேள்விப் படிவங்களை வைத்தும்தான்.

படிவம் நல்லதுதான். ரொபர்ட் குட்மன் என்ற பிரித்தானிய மனநல வைத்தியர் 1997இல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட படிவம் இன்று தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்கிறது. ஆனால் அதை நிரப்ப வேண்டியவர் யார்? இறப்பர் தோட்டமென்றால் தாயும் தகப்பனும் வெயில் ஏறுவதற்கு முன் பால் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளையை எழுப்பி, முகம் கழுவி, பாடசாலைக்கு அனுப்புவது பாட்டி. தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருந்தால் முழுப் பொறுப்பும் பாட்டியுடையதே. “உங்கள் பிள்ளை அமைதியின்றி, அதிகத் துடிப்புடன் இருக்கிறானா? இல்லை, ஓரளவு, நிச்சயமாக” என்று கேட்டால் அந்தப் பாட்டி எதோடு ஒப்பிட்டுப் பதில் சொல்வார்? ஆசிரியர் ஒருவர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் சிறிய பாடசாலையில், பின்வரிசைப் பிள்ளையைப் பற்றி அவர் எவ்வளவு கவனித்திருக்க முடியும்?

கோயம்புத்தூரில் நடந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் யோசிக்க வைக்கிறது. 6 முதல் 11 வயது வரையான 770 ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளை, பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய படிவங்களை வைத்து ஆராய்ந்தார்கள். 11.32 வீதமானோருக்கு ஏடிஎச்டி என்று முடிவு வந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் அளவு ஏறக்குறைய 5 வீதம். அதைவிட முக்கியமானது அடுத்த கணக்கு: நடுத்தரக் குடும்பங்களில் 6.84 வீதம், ஏழைக் குடும்பங்களில் 16.33 வீதம். வறுமையில் பிறக்கும் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இந்தக் குறைபாடு கூடுதலாக வருகிறதா, அல்லது பசியும் தூக்கமின்மையும் நெரிசலும் அதே அறிகுறிகளைப் போட்டுக் காட்டுகின்றனவா? இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம். படிவத்தால் இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது.

இனிக் கருவியின் கதை.

1983இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த லிண்டா பொரினோ, ஜூடித் ரப்பபோர்ட் முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிகைத் துடிப்புள்ள 12 பையன்கள், அவர்களோடு ஒப்பிட வேறு 12 பையன்கள். அசைவைப் பதியும் சிறிய கருவி ஒன்றை அவர்கள் ஒரு வாரம் முழுக்க, இரவும் பகலும் அணிந்திருந்தார்கள். வகுப்பில் வாசிக்கும் நேரத்திலும் கணக்குச் செய்யும் நேரத்திலும் வித்தியாசம் தெரியும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், தெரிந்தது. யாரும் அவ்வளவாக எதிர்பாராதது, சனி ஞாயிறிலும் தூக்கத்திலும்கூட அந்தப் பையன்கள் கூடுதலாக அசைந்தார்கள் என்பது. ‘வேண்டுமென்றே குழப்படி செய்கிறான்’ என்று அதுவரை சொல்லி வந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது. தூங்கும் பிள்ளை வேண்டுமென்றே எதைச் செய்யப் போகிறான்?

பதின்மூன்று வருடங்கள் கழித்து, 1996இல், ஹார்வர்டோடு இணைந்த மக்லீன் வைத்தியசாலையில் மார்ட்டின் டீச்சர் குழுவினர் அகச்சிவப்புக் கமரா ஒன்றைப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தார்கள். கணினித் திரையில் சலிப்பூட்டும் ஒரு பணி கொடுத்து, தலையும் உடலும் எப்படி அசைகின்றன என்று அளந்தார்கள். ஏடிஎச்டி உள்ள 18 பையன்கள் மற்ற 11 பையன்களைவிட 2.3 மடங்கு அதிகத் தடவை தலையை அசைத்தார்கள். தலை நகர்ந்த தூரம் 3.4 மடங்கு, அது சுற்றி வந்த பரப்பு 3.8 மடங்கு. துறுதுறுப்பு என்று வாயால் சொல்லி வந்தது இலக்கத்தில் வந்து நின்றது.

இன்று பல நாடுகளின் வைத்தியசாலைகளில் இருக்கும் கியூபி டெஸ்ட் இந்த வழியில் வந்ததுதான். சுவீடன் நிறுவனமொன்றின் தயாரிப்பு. பிள்ளையின் நெற்றியில் ஒரு பட்டி, அதில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டை, எதிரே அகச்சிவப்புக் கமரா, கையில் ஒரு பொத்தான். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 15 நிமிடப் பரிசோதனை. திரையில் வெறும் வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், குறுக்குக் கோடு போட்ட வட்டம் வந்தால் அழுத்தக் கூடாது. எத்தனை வட்டங்களைத் தவறவிட்டான், எத்தனை தடவை அவசரப்பட்டு அழுத்தினான், எவ்வளவு நேரம் எடுத்தான், அதற்குள் தலை எவ்வளவு அசைந்தது என்று எல்லாவற்றையும் கணினி கணக்கிட்டு, அதே வயதுப் பிள்ளைகளின் அளவோடு ஒப்பிட்டுக் காட்டும். எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. தமிழ் மொழியில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு இது பெரிய வசதி.

பலன் உண்டா? இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹொலிஸ் தலைமையில் பத்து மையங்களில் 6 முதல் 17 வயது வரையான 250 பேரை வைத்து நடந்த பரிசோதனை 2018இல் வெளிவந்தது. எல்லாப் பிள்ளைகளும் பரிசோதனையைச் செய்தார்கள். பாதிப் பேரின் அறிக்கையை வைத்தியரிடம் கொடுத்தார்கள், மீதிப் பேரின் அறிக்கையைக் கொடுக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் நோய்க் கணிப்பு முடிவு கிடைத்தவர்கள், அறிக்கை பார்த்த பக்கத்தில் 76 வீதம், பார்க்காத பக்கத்தில் 50 வீதம். இன்னொரு முடிவு தோட்டங்களுக்கு இன்னும் முக்கியம். அறிக்கை கையில் இருந்த வைத்தியர்கள் ‘இந்தப் பிள்ளைக்கு ஏடிஎச்டி இல்லை’ என்று சொல்லும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. தேவையில்லாத பெயரும் மருந்தும் பிள்ளை மேல் விழாமல் தடுப்பதும் கருவியின் வேலைதான். 2024 ஒக்டோபரில், இங்கிலாந்தில் வைத்திய வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, 6 முதல் 17 வயதினருக்கு வழக்கமான வைத்திய மதிப்பீட்டோடு சேர்த்து இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ‘சேர்த்து’ என்பதை மறந்துவிடக் கூடாது. கருவியின் அறிக்கையை மட்டும் பார்த்து யாருக்கும் நோயைக் கணிக்க முடியாது. அதை விற்பவர்களும் அப்படிச் சொல்வதில்லை.

கருவிகளை நம்பி ஓடியவர்களுக்கு ஒரு படிப்பினையும் இருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், மூளை மின்னலைகளை அளந்து ஏடிஎச்டிக் கணிப்புக்கு உதவும் கருவி ஒன்றை அனுமதித்தது. தலையில் சென்சர் பொருத்தி, இரண்டு வகை அலைகளுக்கு இடையிலான விகிதத்தைப் பார்ப்பது அதன் முறை. செய்தித்தாள்கள் கொண்டாடின. மூன்றே வருடத்தில், 2016இல், அமெரிக்க நரம்பியல் அக்கடமி ஆதாரங்களைப் பரிசீலித்துவிட்டு, அந்த விகிதத்தை வைத்து ஏடிஎச்டியைக் கணிக்க வேண்டாம் என்று அறிவுரை சொன்னது. நோயில்லாத பிள்ளைகளையும் நோயாளி என்று காட்டிவிடும் அபாயம் இருந்தது. இலங்கையில் எவராவது தலைப்பட்டியோடு வந்து ‘பத்து நிமிஷத்தில் உங்கள் பிள்ளைக்கு ஏடிஎச்டி இருக்கா இல்லையா என்று சொல்கிறோம்’ என்று காசு கேட்டால், இந்த 2016ஆம் வருட அறிவுரை நினைவுக்கு வர வேண்டும்.

அசைவு சென்சர்கள் சொன்ன செய்திகளில் ஆசிரியர்கள் கட்டாயம் அறிய வேண்டியது மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மார்க் ரப்போர்ட் குழுவினர் 8 முதல் 12 வயதுப் பையன்களின் இரண்டு கணுக்கால்களிலும் ஒரு மணிக்கட்டிலும் சென்சர் கட்டி, மனதில் இலக்கங்களை வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தும் வேலை கொடுத்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவு: மனதில் வைத்துச் செய்யும் வேலை வந்தபோது எல்லாப் பையன்களும் அதிகம் அசைந்தார்கள், ஏடிஎச்டி உள்ளவர்கள் இன்னும் அதிகம் அசைந்தார்கள். 2015இல் அதே வழியில் வந்த ஆய்வு இன்னொரு படி மேலே போனது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் அதிகம் அசைந்த நேரத்தில் அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்தார்கள். காலை ஆட்டுவதும் கதிரையில் நெளிவதும் அவர்கள் கவனத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வழியாக இருக்கலாம். அப்படியிருக்க, ‘கைகட்டி, வாய் பொத்தி, ஆடாமல் இரு’ என்று அதட்டிக் கணக்குச் செய்யச் சொல்வது அந்தப் பிள்ளையின் கையிலிருந்த ஒரே பிடியையும் பறிப்பதாகிவிடும். பிரம்பு எடுத்து அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை அனுப்பி உடல் தண்டனையைத் தடைசெய்துவிட்டது. தடை இன்னும் எல்லா வகுப்பறைகளுக்கும் வந்து சேரவில்லை என்பது பெற்றோருக்குத் தெரியும்.

சரி, இந்தக் கருவிகள் சப்ரகமுவவுக்கு வந்தால்?

கொழுந்து நிறுக்கும் தராசு கிலோவைச் சொல்லும், கூடையில் இருப்பது தளிரா முற்றலா என்று சொல்லாது. அசைவு சென்சரும் அப்படித்தான். பிள்ளை எவ்வளவு அசைந்தான் என்பதை ஏமாற்றாமல் சொல்லும். ஏன் அசைந்தான் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. தோட்டத்தில் அந்த ‘ஏன்’ என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலாவது சாப்பாடு. 2016ஆம் வருடத் தேசிய சனத்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப் பகுதியில் 31.7 வீதம். நீண்டநாள் போஷாக்குக் குறைவு உயரத்தோடு நின்றுவிடுவதில்லை. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்து போவான், எரிச்சல்படுவான், பாடத்தில் மனம் நிற்காது. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை சொல்லிவிடக்கூடிய விஷயத்தை, விலையுயர்ந்த கமராவை வைத்துத் தேடுவது முறையல்ல. பிறக்கும்போது எடை குறைந்த பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் உறுதியான விஷயம். ஆகவே தோட்டத்தில் உண்மையான ஏடிஎச்டி இல்லவே இல்லை, எல்லாம் வறுமைதான் என்று தள்ளிவிடவும் முடியாது.

இரண்டாவது தூக்கம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஐந்தாறு பேர். ஒருவர் இருமினால் எல்லோரும் விழிப்பார்கள். பால் வெட்டப் போகும் தகப்பன் எழும்போது பிள்ளையும் எழுந்துவிடுவான். பெரியவர்கள் தூக்கம் குறைந்தால் சோர்ந்து விழுவார்கள். பிள்ளைகளோ பலசமயம் நேர்மாறாகத் துள்ளுவார்கள், முரண்டுபிடிப்பார்கள், எதிலும் ஊன்றி நிற்க மாட்டார்கள். ஏடிஎச்டியோடு குழப்பிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வேறொன்று கிடையாது. இங்கேதான் மணிக்கட்டுச் சென்சர் மிகவும் பயன்படக்கூடும். ஒரு வாரம் கையில் கட்டியிருந்தால் பகல் அசைவோடு இரவுத் தூக்கத்தையும் அது பதிந்துவைக்கும். எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை தடவை புரண்டான், எத்தனை மணிக்கு விழித்தான் என்று பாட்டிக்கு நினைவிருக்காது, கருவிக்கு நினைவிருக்கும். பதினைந்து நிமிடம் கணினிக்கு முன்னால் உட்காரவைக்கும் பரிசோதனையைவிட, இந்த எளிய கைப்பட்டி தோட்டங்களுக்கு அதிகம் பொருந்தும் என்று சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது பயம். 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து வீடுகளை மூடியது. அடுத்த வருடம் மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும். மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் இந்த மலைகளில் பெரியவர்களே தூங்குவதில்லை. பேரழிவைக் கண்ட பிள்ளை சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவான், படிக்கும்போது எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். அவனது உடலசைவை மட்டும் பார்த்தால் ஏடிஎச்டி போலவே இருக்கும். மழை பெய்தால் என்ன செய்வாய் என்று அவனது மொழியில் யாராவது கேட்டால்தான் உண்மை வரும்.

நான்காவது, காதும் கண்ணும். கரும்பலகை தெரியாத பிள்ளை அடுத்தவன் கொப்பியைப் பார்க்கத் திரும்புவான். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ஆசிரியர் சொன்னது பாதிதான் கேட்கும். இவை இரண்டையும் பார்க்காமல் ஏடிஎச்டி என்று முடிவுகட்டுவது எந்த நாட்டிலும் தவறு.

இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொரு சிக்கல்: யாரோடு ஒப்பிடுவது? கருவி தரும் எண் தனியே நின்றால் பொருளில்லை, அதே வயதுப் பிள்ளைகளின் அளவோடு சேர்த்தால்தான் பொருள். ஐரோப்பிய நகரத்தில் காரில் பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் ஒருநாள் அசைவும், நிவித்திகலைப் பக்கத்தில் மலை ஏறி இறங்கிப் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளையின் அசைவும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. மேற்கு நாட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தால் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் மிகைத் துடிப்புள்ளவர்களாகத் தெரியக்கூடும். கணினியையே முதல் தடவை காணும் பிள்ளை பொத்தானை அழுத்தத் தாமதித்தால் அதுவும் கவனக்குறைவுக் கணக்கில் போய்விழும். இங்கேயே, இந்தப் பிள்ளைகளிடமே அளவு எடுக்க வேண்டும். பெண்பிள்ளைகளை இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். ஓடாமல் ஆடாமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பாடத்தைத் தவறவிடும் சிறுமிக்கும் ஏடிஎச்டி இருக்கலாம். அசைவு சென்சர் அவளைக் காணாமலே கடந்துபோகும். தொந்தரவு தராத பிள்ளையை ஏற்கெனவே யாரும் வைத்தியரிடம் அனுப்புவதில்லை. கருவியும் அவளைக் கைவிட்டால் அவள் ‘மொக்கு’ என்ற பெயரோடு பாடசாலையை விட்டு நின்றுவிடுவாள்.

இலங்கையில் இந்தத் துறைக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா சிறுவர் மனநல வைத்தியத்தை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். அவரது குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு, மெத்தில்பெனிடேட் மருந்துக்குப் போதிய அளவு குணம் காட்டாத ஏடிஎச்டிப் பிள்ளைகளுக்கு ஒமேகா கொழுப்பமிலங்கள் உதவுமா என்று முறையான போலிமருந்து ஒப்பீட்டோடு பார்த்தது. சர்வதேசச் சஞ்சிகையில் வெளிவந்த அந்த வேலை இங்கேயே, இந்த நாட்டுப் பிள்ளைகளோடு நடந்தது. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்கு இன்று இரத்தினபுரியில் மருத்துவ பீடம் இருக்கிறது, கணினித்துறையும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளின் அளவை எடுக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்டால், தூரத்தில் தேட வேண்டியதில்லை.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு டெல்லி ஒரு வழி காட்டுகிறது. ஆட்டிசத்துக்காக உருவாக்கிய ஸ்டார்ட் என்ற டெப்லெட் செயலியை, நிபுணர்களல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் வசதி குறைந்த வீடுகளுக்கே எடுத்துப்போனார்கள். 2 முதல் 7 வயது வரையான 131 பிள்ளைகள் விளையாட்டாகத் திரையைத் தொட, செயலி அவர்களின் பார்வையையும் விரலசைவையும் பதிந்தது. அதன் முடிவுகள் 2023இல் வெளியாயின. பிள்ளையை நிபுணரிடம் இழுத்துப்போகாமல், அளக்கும் கருவியைப் பிள்ளையின் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. தோட்டங்களில் அதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பழைய பிள்ளை மடுவங்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகி, பயிற்சி பெற்றவர்கள் அவற்றை நடத்துகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் லயம் லயமாக ஏறி இறங்குகிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வருகிறார். தமிழ் பேசும் ஒருவருக்கு இரண்டு வாரப் பயிற்சியும் ஒரு பெட்டி நிறையக் கைப்பட்டிகளும் கொடுத்தால், தாய் பேர் இழந்து நாலு தடவை இரத்தினபுரி போவதற்குப் பதிலாக ஒரு தடவை போதும். அந்த ஒரு தடவையும் அவள் வெறுங்கையோடு போக மாட்டாள். ஒரு வாரத்துத் தூக்கமும் அசைவும் பதிந்த தாள் அவள் கையில் இருக்கும். அந்த வரைபடத்தை வாசிக்கச் சிங்கள டொக்டருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

ஆனால் அந்தப் பதிவு யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருக்க வேண்டும். சிறுவர் நிலையம் தோட்ட நிர்வாகத்தோடு பிணைந்தது. வீடு கம்பனியுடையது, வேலையும் கம்பனியுடையது. ‘உங்கள் பையனுக்கு மூளையில் கோளாறு’ என்ற செய்தி தோட்ட அலுவலகத்தின் கோப்பில் ஏறினால், பின்னாளில் அந்தப் பையன் வேலை கேட்டு வரும்போது அது என்ன செய்யும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் தரவாக வகைப்படுத்துகிறது. சட்டம் இருந்தால் போதாது. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசிக்கத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்ட வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு இடமிருக்க வேண்டும். துரை சொன்னால் ஆம் என்று சொல்லிப் பழகிய சமூகத்தில் இது சின்ன விஷயமல்ல.

கணிப்புக்குப் பிறகு என்ன என்பதும் முக்கியம். மருந்து பல பிள்ளைகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் தொடர்ந்து கிளினிக் போக வேண்டும், எடையும் உயரமும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், பசி குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உயரம் குறைந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இது இரட்டிப்புக் கவனம். பெற்றோருக்கான பயிற்சி, முன்வரிசை இருக்கை, வேலையைச் சிறு சிறு துண்டுகளாகக் கொடுப்பது, நடுவில் எழுந்து நடக்க ஒரு வேலை சொல்வது போன்றவற்றுக்குக் காசு தேவையில்லை. கொப்பி கட்டை அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோய்க் கொடு என்று துறுதுறுப் பையனை அனுப்பும் ஆசிரியர், தெரிந்தோ தெரியாமலோ நல்ல வைத்தியம்தான் செய்கிறார்.

கைப்பட்டிகள் எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரப் பிள்ளைகளைப் பார்க்க வரும்போது, சுகாதார வைத்திய அதிகாரியிடம் வாய்திறந்து சொல்லுங்கள்: கண் பார்க்க வேண்டும், காது பார்க்க வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும், பிள்ளை இருந்த இடத்தில் இருக்கிறதில்லை. அதற்கு முன் ஒரு வாரம், பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தான் என்று பழைய கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ கிளினிக் போகும்போது இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால், இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.